ஒரு கதவு அகலத்துக்கு மலை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முதல் வீட்டுக்காரர்கள் வீட்டை ஒட்டிய சந்தில் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு அறை கட்டினார்கள். அதை ஒட்டிப் பாத்திரம் கழுவ ஓர் இடம், மேலே தகரம்.

2. இரண்டாம் வீட்டில், அதே சந்தின் தொடர்ச்சியில், கழிவறை வந்தது.

3. மூன்றாம் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், மாடிப்படி வந்தது. படிக்கு அடியில் செங்கல் வைத்து அடைத்து, கேஸ் சிலிண்டரும் பழைய பேப்பரும் போட ஓர் அறை.

4. நான்காம் வீட்டில், கான்கிரீட் போடும்போது அடியில் வைக்கும் சென்டரிங் தகடுகளை அடுக்கி வைக்க ஒரு கொட்டகை.

5. மீதமிருந்த இடுக்குகளில் எல்லோரும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாட்டினோம்.

6. நான்காம் வீட்டு அத்தைக்குப் பக்கவாதம் வந்தது.

7. சித்திரையில் அத்தையின் முதுகில் படுக்கைப்புண் வந்தது.

முதல் நான்கையும் கட்டியவர் ஒருவர்தான். அத்தை அவருடைய மனைவி.

எங்கள் குடியிருப்பு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மனை போட்டவர்கள் தெருக்களைத் தெற்கு வடக்காகப் போட்டார்கள். அப்படிப் போட்டால் பாதி மனைகள் கிழக்கு பார்க்கும். கிழக்கு பார்த்த மனைதான் முதலில் விற்கும். மேற்கு பார்த்த மனை வாங்கியவர்களும் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய் எப்படியோ கிழக்கே ஒரு வாசல் வைத்துக்கொண்டார்கள். வாஸ்துக்காரர் கழிவறையை வடமேற்கில் வை என்றார், மாடிப்படியையும் அந்தப் பக்கமே ஏற்று என்றார். மேற்கே மலை. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று எங்கள் குடியிருப்பில் முதலில் தொடுவது வரிசையாக நிற்கும் கழிவறைச் சுவர்களைத்தான்.

தென்காசிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய கோயில் கோபுர வாசலில் முந்தானையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் நுழைகிறோம். "என்னா காத்து!" என்கிறோம். வீட்டுக்கு வந்து மேற்குச் சன்னலை அடைத்து, அதற்கு முன்னால் பீரோவை நிறுத்துகிறோம்.

ஆனாலும் எங்கள் வரிசையில் யாரும் திட்டமிடாத ஒரு நல்லது இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வடக்கே ஐந்தடி விட வேண்டும் என்று பிளானில் இருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக அடுத்தடுத்து நிற்கும் எங்கள் நான்கு வீட்டின் ஐந்தடியும் ஒரே நேர்கோட்டில் விழுந்துவிட்டன. முதல் வீட்டுக்கு மேற்கே வயல். நான்காவதாக, கிழக்குக் கோடியில், எல்லாவற்றையும் கட்டியவரின் வீடு. அந்த வீட்டின் மேற்கு அறை மட்டும் கொஞ்சம் வடக்கே நீண்டிருந்ததால் அதன் சன்னல் சந்துக்கு நேராக அமைந்தது. அங்கே நின்று பார்த்தால், நான்கு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில், ஒரு கதவு அகலத்துக்கு மலை தெரியும். பள்ளியில் படிக்கும்போது அந்த அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். சீசனில் நோட்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் எழுத முடியும்.

அவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். உறவு இல்லை, அப்பாவின் சிநேகிதர். ஊருக்கு அவர் காண்ட்ராக்டர். அவர் இல்லாத இடத்தில் அவர் பெயர் 'செஞ்சிரலாம்'.

எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வரும் முதல் சொல் அதுதான். பல நேரம் கேள்வி முடியும் முன்பே வந்துவிடும்.

"அண்ணாச்சி, இந்தச் சன்ஷேடை இன்னும் ரெண்டு அடி..."

"செஞ்சிரலாம்."

"முத்தத்துல மண்ணு மண்ணா வருது, முழுசும் டைல்ஸ்..."

"செஞ்சிரலாம்."

மாட்டேன் என்ற சொல் அவரிடம் இல்லை. அதற்கு மிகப் பக்கத்தில் வருவது "பாத்துக்கிடலாம்". அதையும் நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு முகூர்த்த நாளில் மூன்று வீடுகளின் பால்காய்ப்புக்குப் போய், மூன்று இடத்திலும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டு வந்து, மத்தியானம் எங்கள் அம்மா "பாயசம் இருக்கு, ஒரு டம்ளர்" என்றபோது அதையும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு எங்கள் வீட்டு வாசற்படியிலேயே வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

குற்றாலத்துக் கதையை அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். இருவரும் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். கூட்டம். மாமா கஷ்டப்பட்டுத் தண்ணீருக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். யாரோ ஒருவர், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, வெளியூரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். "வாங்க வாங்க" என்று தள்ளிக்கொண்டார். அடுத்து இன்னொருவர். அதற்கடுத்து ஒரு குடும்பமே. அப்பா குளித்து முடித்து வந்து தேடியபோது மாமா காய்ந்த பாறையில், எண்ணெய் வழிய, மடித்த துண்டோடு நின்றுகொண்டிருந்தாராம்.

வீட்டில் அத்தை பார்த்தார். "அருவிக்குப் போயி எண்ணெய்த் தலையோட திரும்பி வந்த ஆளு இந்த ஜில்லாவுலயே இவுக ஒருத்தருதான்."

"நாளைக்கும் தண்ணி விழத்தானட்டி செய்யும்" என்றார் மாமா.

இரண்டாம் தெருவில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வீடு கட்டினார்கள், இவரை வைத்துத்தான். அண்ணன் மேற்கே ஒரு சன்னல் வேண்டும் என்றார். தம்பி, தன் முற்றத்தைப் பார்த்துச் சன்னல் வரவே கூடாது என்றார். மாமா இருவரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னார். சன்னல் வந்தது. நிலை, கம்பி, கதவு, கொக்கி, எல்லாம் உண்டு. கதவைத் திறந்தால் செங்கல். அதையும் பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தார். அண்ணன் மனைவி அதற்குத் திரைச்சீலையும் போட்டார். புது விருந்தாளி யாராவது புழுக்கம் தாங்காமல் எழுந்துபோய் அந்தச் சன்னலைத் திறப்பார்கள். வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார்கள்.

சின்ன வயதில் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நகரமைப்பு படித்தேன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை. எந்தத் தெரு எவ்வளவு சூடாகிறது என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது அதில் ஒரு பகுதி. லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் தெருவும் எனக்கு அந்த நிறங்களில்தான் தெரிய ஆரம்பித்தது. பகல் முழுக்க வெயில் குடித்த சுவரும் டைல்ஸ் முற்றமும் சாயங்காலம் அதைத் திருப்பித் தருகின்றன. எடுத்துப் போகக் காற்று வேண்டும். காற்று வரும் இடத்தில் கழிவறையோ மாடிப்படியோ நிற்கிறது. மிச்ச இடுக்கில் ஏ.சி. பெட்டி, ஒரு வீட்டுச் சூட்டை அடுத்த வீட்டுச் சன்னலில் துப்புகிறது. சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் குற்றாலத்தில் போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். இங்கே நாங்கள் முதுகு நனைந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாததுதான் எனக்குச் சங்கடம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னத் தேவை இருந்தது. எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே மனிதரிடம்.

ஒருமுறை அவரிடமே கேட்டேன். "மாமா, பிளான்ல அஞ்சடி விடணும்னு இருக்கே?"

"இருக்கு."

"பின்ன ஏன் அடைச்சுக் கட்டித் தாரிய?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் வந்து கேக்காவல்லா" என்றார்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்தபோது நான் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, விஷயம் குழறவில்லை. குளியலறையை ஒட்டியது அந்த மேற்கு அறை மட்டும்தான் என்பதால் கட்டிலை அங்கே போட்டார்கள். ஏ.சி. இருந்தது. போட்டால் விழுந்த கை விறைத்து வலியெடுக்கிறது என்று அத்தை அழுவார். போடாவிட்டால் வேர்வை. சன்னலைத் திறந்தால் ஒரு கை நீட்டும் தூரத்தில் கொட்டகைத் தகரம், அடுப்பில் வைத்தது போல.

சித்திரையில் முதுகில் புண் வந்தது. கட்டுப் போட வரும் நர்ஸம்மா புண்ணைப் பார்த்துவிட்டு மாமாவை வெளியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் மருந்து வைக்கேன். ஆனா இந்த வேர்வையில புண்ணு காயாது. ஆழமாப் போச்சுன்னா எலும்பு வரைக்கும் போயிரும். பேன் போட்டா சூட்டைத்தான் சுத்தி விடுது. நல்ல காத்து வேணும்."

"செஞ்சிரலாம்" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. சந்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அன்று சாயங்காலம் ஒரு தாளில் நான்கு வீட்டையும் வரைந்து, சந்தைக் கோடாகப் போட்டு, அடைப்புகளைக் கறுப்பாக்கிக் காட்டினேன். "ஆனியில காத்து வந்திரும் மாமா. இந்த நாலும் இல்லன்னா நேரா அத்தை கட்டிலுக்கு வரும். ஒண்ணு இருந்தாலும் வராது."

மாமா விரலால் ஒவ்வொரு கறுப்பையும் தொட்டார். "நாலும் நாந்தான்" என்றார்.

மறுநாளே கொட்டகையைப் பிரித்தார். ஆளைக் கூப்பிடவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்த் தெருவோரம் அடுக்கினார். வேலை முடிந்ததும் உள்ளே வந்து சன்னலைத் திறந்து வைத்தார்.

அத்தை தலையைத் திருப்பிப் பார்த்தார். "முன்ன மலை தெரியும். இப்ப இவ வீட்டு மாடிப்படி தெரியுது" என்று என்னைக் காட்டினார்.

அடுத்து, போய்க் கேட்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அவர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

முதல் வீட்டில் இருக்கும் முஸ்லிம் அக்காவை அவர்கள் வழக்கப்படி நாங்கள் எல்லோரும் லாத்தா என்று கூப்பிடுவோம். கணவர் சவுதியில் இருக்கிறார். வீட்டு நிர்வாகம் முழுக்க லாத்தாதான். மாமா தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"கேட்டியளா மாமா?"

"கேக்கத்தான் போனேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் ஏத்தணும்னாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கட்டிலிலிருந்து அத்தை சிரிக்கிற சத்தம் வந்தது. நோய் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். லாத்தா கையில் போனோடு வந்தார், திரையில் கணவர்.

"வாங்க அண்ணாச்சி. சுவருக்குச் செங்கல் எப்ப வருது?"

"செ..."

"லாத்தா, வேற ஒண்ணு கேக்க வந்தோம்" என்று நான் குறுக்கிட்டேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "அந்த மோட்டார் ரூமை எடுத்திரலாமா?"

"நீங்கதான கட்டுனிய?"

"நாந்தான்."

"நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொன்னேன். அத்தையின் புண்ணைச் சொன்னதும் லாத்தாவின் முகம் மாறியது. நான் வரைந்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"அந்தக் காத்து எங்களுக்கும் வருமா?"

"முதல்ல உங்களுக்குத்தான். அடுப்பங்கரைச் சன்னலுக்கு."

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு புள்ள?"

"காண்ட்ராக்டர் அண்ணாச்சி. கட்டுனதை இடிக்கணுமாம்."

"இடிக்கட்டும். மோட்டார் நனையாமப் பாத்துக்கிடச் சொல்லு."

"செஞ்சிரலாம்" என்றார் மாமா, போனைப் பார்த்துக் குனிந்து.

இரண்டாம் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் கக்கூஸ் கட்டலாமான்னு கேட்டேன். செஞ்சிரலாம்னீரு. இன்னைக்கு நீரு இடிக்கலாமான்னு கேக்கீரு. நான் என்ன சொல்லணும்? செஞ்சிரலாம்னா?"

"மாட்டேன்னும் சொல்லலாம் சார்."

"மாட்டேன்."

"சரி சார்" என்று மாமா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். வாசல் வரை போய்விட்டார்.

"ஓய், நில்லும்!" என்றார் வாத்தியார். "ஒரு தடவை மாட்டேன்னா போயிருவீரா? ரெண்டாவது தடவை கேக்கணும்வே. அப்பத்தான நான் காரணம் சொல்ல முடியும்."

மாமா திரும்பி வந்தார். "என்ன காரணம் சார்?"

"முட்டி. எந்திரிச்சு ரொம்ப தூரம் நடக்க முடியாது. அந்தக் கக்கூஸ் இல்லன்னா நான் எங்க போவேன்?"

இதற்கு மாமாவுக்குப் பதில் தெரியும். படுக்கையறையை ஒட்டிச் சாமான் போட்டு வைத்திருக்கும் சின்ன அறையில், உட்காரும் பீங்கானோடு, கைப்பிடிக் கம்பியோடு கட்டித் தருவதாகச் சொன்னார். வாத்தியார் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மொதல்ல இதைக் கட்டும். அப்புறம் அதை இடியும்" என்றார். அப்படியே நடந்தது.

ஆனி பிறந்தபோது இரண்டு வீட்டுச் சந்தும் திறந்துவிட்டன. லாத்தா அடுப்பங்கரையில் பேனை நிறுத்திவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் மாடிப்படியின் மேற்குப் பக்கத்தில் காய்ந்த இலையும் பால் கவரும் வந்து குவிய ஆரம்பித்தன. கிழக்குப் பக்கம் ஒரு தூசு இல்லை. மேலே தென்னை மரங்கள் பேயாட்டம் ஆடின. கீழே அத்தையின் அறையில் ஊதுபத்திப் புகை நேராக எழுந்து நின்றது.

மிச்சமிருந்தது எங்கள் வீடு மட்டும்தான். மாமா எங்கள் வீட்டுக்குக் கேட்க வரவில்லை.

நான் அப்பாவிடம் பேசினேன். படிக்கட்டை இரும்பில் மாற்றி, படிக்கும் படிக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று போய்விடும், மாடிக்கும் வழி இருக்கும் என்று வரைந்து காட்டினேன். அப்பா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

"அவரு கேக்கட்டும்."

"அப்பா, அத்தை..."

"லாத்தாட்ட போயி நின்னாரு. வாத்தியாருட்ட போயி நின்னாரு. தினமும் காலையில நம்ம வீட்டுல காப்பி குடிக்காரு. எங்கிட்ட கேட்டா வாயா வலிக்கும்? கேட்டா நான் மாட்டேம்பேனா?"

அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் அது வருத்தம் என்று புரிந்தது. மாமாவிடம் போனேன். அவர் அத்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா நீங்க கேக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க மாமா. கேட்டா உடனே சரிம்பாங்க."

"தெரியும்டி. அதனாலதான் கேக்கல."

எனக்குப் புரியவில்லை. அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"லாத்தா மாட்டேன்னு சொல்லுவாவ. வாத்தியாரு சொல்லவே செஞ்சாரு. அவங்ககிட்ட கேக்கலாம். உங்கப்பா எங்கிட்ட மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. சொல்ல முடியாத ஆளுட்ட போயி எப்படிக் கேக்க? அது கேக்கது இல்லட்டி. புடுங்கது."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மாமா மறுபடி கரண்டியை எடுத்தார். இத்தனை வருடமும் தன்னிடம் வந்து கேட்டவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த ஒவ்வொரு சன்ஷேடும் ஒவ்வொரு டைல்ஸ் முற்றமும் அன்றைக்கு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய் மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் காலை காப்பி குடித்து முடித்து மாமா எழுந்தபோது, அப்பா கேட் வரை கூட நடந்தார். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னவே, நம்ம மாடிப்படி ஒரே இருட்டா இருக்கு. அதை இடிச்சிட்டு இரும்புல, பலகை பலகையா, நடுவுல இடம் விட்டு வைக்கலாம்னு பாக்கேன். செஞ்சு தருவீரா?"

கேள்வி முடிந்தது. அந்தச் சொல் வரவில்லை. நான் பார்த்து, முதல் தடவையாக வரவில்லை. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

"அந்த மூலை கனமா இருக்கணும்னு வாஸ்துக்காரரு சொன்னாரே?"

"அவரை வேணா அங்கன நிக்கச் சொல்லும். கனமாத்தான இருக்காரு."

மாமா சிரித்தார். சிரிப்புக்கு நடுவில், எங்களுக்குக் கேட்டும் கேட்காமலும், "செஞ்சிரலாம்" என்றார்.

படியை இடித்த அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காற்று ஓய்ந்திருந்தது. மாமா சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். அதற்கு மறுநாள் மத்தியானம், நான் அத்தைக்குப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அசைந்தது. ஒருமுறை தூக்கி அடித்தது. பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தது. பேப்பர் கையிலிருந்து பறந்தது. சந்தின் கோடியில், ஒரு கதவு அகலத்துக்கு, பாதி மேகம் மூடிய மலை.

மாமா ஓடி வந்து வாசலில் நின்றார்.

"அந்தக் காலண்டரை யாராவது புடிங்க" என்றார் அத்தை. "சத்தம் தாங்கல."

தொழில் பழக்கத்தில் அறையில் ஒரு வெப்பமானி வைத்திருந்தேன். அதில் சூடு குறைந்தது கொஞ்சம்தான். பெரிய மாற்றம் தோலில்தான் நடந்தது. வேர்வை காய்ந்தது, போர்வை காய்ந்தது. நர்ஸம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டும் நாட்கள் வந்தன. புண் ஆற அந்தச் சீசன் முழுக்க ஆயிற்று.

அடுத்த பங்குனியில் மாமா இறந்தார். ஒரு வேலை நடக்கும் இடத்தில், மணல் குவியலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டீ அவருக்கு வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். யாராவது கொடுத்திருப்பார்கள்.

துட்டி வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். "எங்க மாடிக்கு ஓடு பதிச்சுத் தாரேன்னாரு." "எங்க கிணத்துக்கு மூடி." இரண்டாம் தெரு அண்ணன், "அந்தச் சன்னலை எப்படியாச்சும் திறந்து தாரேன்னு போன வாரம்தான் சொன்னாரு" என்றார். பக்கத்தில் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்.

அத்தையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். "ஊரு பூரா செஞ்சிரலாம்னு சொன்னாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாவ" என்றார். குழறாமல் சொன்னார்.

இப்போதைய நிலவரம்: நான்கு வீட்டுச் சந்தும் திறந்திருக்கிறது. ஏ.சி. பெட்டிகளில் லாத்தாவுடையதும் எங்களுடையதும் மாடிக்கு ஏறிவிட்டன. வாத்தியாருடையது இன்னும் சந்தில்தான். இரண்டாம் தெருச் சன்னலுக்குப் பின்னால் செங்கல் அப்படியே இருக்கிறது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சன்னல் வரை நடக்கிறார். முதல் வீட்டுக்கு மேற்கே வயலில் மனைக்குக் கல் நட்டுவிட்டார்கள். தெருக்கள் தெற்கு வடக்காக. எங்கள் சந்துக்கு நேராக விழுவது கிழக்கு பார்த்த ஒரு மனை. அதை ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பேசி முடித்திருக்கிறார். வடக்கே விட வேண்டிய இடத்தை அவர் எங்கள் சந்துக்கு நேராக விட்டால் போதும். விசாரித்ததில், பிடிக்காததை முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிடுகிற ஆள் என்கிறார்கள். மாமா கணக்குப்படி அவரிடம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் லாத்தாவும் நானும் போய்க் கேட்கப் போகிறோம்.